நூறாவது மணி நேரம்

வருடத்துக்கு ஒரு தடவையாவது அந்தச் செய்தி வந்துவிடுகிறது. பழைய கார் இன்ஜினில் விமானம், இளைஞர் சாதனை. படத்தில் மெலிந்த ஒரு பையன் நிற்பான். பின்னால் அலுமினியக் குழாயும் துணியுமாக ஓர் இறக்கை, மூக்கில் மரத்தில் செதுக்கிய ப்ரொப்பெல்லர், பக்கத்தில் சால்வையோடு நாலு பெரிய மனிதர்கள். கடைசி வரியில் ‘விரைவில் பறக்கவிருக்கிறது’ என்று போட்டிருப்பார்கள். அதற்கப்புறம் அந்த விமானத்தைப் பற்றி ஒரு வரி வராது. பறந்ததா, விழுந்ததா, தென்னந்தோப்பில் கோழி அடைய இடமாகிவிட்டதா என்று யாரும் கேட்கமாட்டோம். அடுத்த வருடம் இன்னொரு பையன், இன்னொரு சால்வை.

எனக்கு கணபதியில் ஒரு லேத் பட்டறை இருக்கிறது. மூன்று லேத், ஒரு மில்லிங் மிஷின், ஒரு ட்ரில்லிங். பம்பு ஷாஃப்ட்தான் சோறு போடும் வேலை. இந்தச் செய்திகளைப் படித்துக் கைதட்டுகிற கூட்டத்தின் மீதும், படித்துச் சிரிக்கிற கூட்டத்தின் மீதும் எனக்குப் பல வருடக் கோபம் உண்டு. கைதட்டுகிறவர்கள், பையன் ஜி.டி. நாயுடுவின் வாரிசு என்கிறார்கள். சிரிக்கிறவர்கள், “இதெல்லாம் எச்.ஏ.எல். பண்ற வேலை, இவனுக்கெதுக்கு” என்கிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே ஒரு ஒற்றுமை: இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று இரண்டு பேருமே கேட்பதில்லை.

2018ல் என் பட்டறைக்கு மூன்று மாணவர்கள் வந்தார்கள். எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை.

“ஏனுங்ணா, ஒரு ஹப் கடையணும்ங்ணா. எஸ்டீம் இன்ஜினுக்கு.”

“எதுக்கு தம்பி, ரேஸ் வண்டிக்கா?”

“இல்லீங்ணா. ஏரோப்ளேனுக்கு.”

உக்கடத்தில் இருபத்திரண்டாயிரம் ரூபாய் கொடுத்து இன்ஜினை வாங்கியிருந்தார்கள். அன்னூர்ப் பக்கம் ஒரு பையனின் தோட்டத்தில் ஷெட் போட்டு, விமானத்தின் உடம்பைப் பாதி செய்து முடித்திருந்தார்கள். எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. முப்பது வருடமாகப் பம்பு ஷாஃப்ட் கடைந்தவனிடம் வந்து ஏரோப்ளேன் என்றால் சும்மா இருக்க முடியுமா? டிராயிங்கைக்கூட ஒழுங்காகப் பார்க்காமல் சரி என்றேன். அந்தச் சரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கார் இன்ஜினில் விமானம் பறக்காது என்று சொல்கிறவர்களுக்கு வரலாறு தெரியாது. 1903ல் ரைட் சகோதரர்கள் கேட்ட எடையில் இன்ஜின் செய்துதர எந்தக் கார் கம்பெனியும் முன்வரவில்லை. அவர்களுடைய சைக்கிள் கடையில் மெக்கானிக்காக இருந்த சார்லி டெய்லர், ஒரு லேத்தையும் ட்ரில்லையும் வைத்துக்கொண்டு ஆறே வாரத்தில் 12 குதிரைத்திறன் இன்ஜினைச் செய்து கொடுத்தார். 1929ல் மினசோட்டாவின் செர்ரி குரோவ் என்ற சிற்றூரில் பெர்னார்ட் பீட்டன்போல், ஃபோர்டு மாடல் ஏ கார் இன்ஜினைத் தான் வடிவமைத்த விமானத்தில் வைத்தார். அந்த வரைபடத்தை வைத்து இன்றைக்கும் ஆட்கள் விமானம் கட்டுகிறார்கள். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் காற்றில் குளிரும் இன்ஜின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எத்தனையோ வீட்டு விமானங்களைத் தூக்கியிருக்கிறது. நம் ஊர் எஸ்டீமிலும் ஜிப்ஸியிலும் வந்த ஜி13 இன்ஜினும், அதே குடும்பத்தில் அமெரிக்காவில் ஜியோ மெட்ரோ காரில் வந்த மூன்று சிலிண்டர் ஜி10 இன்ஜினும் அங்கே இலகு விமானங்களில் ஏறியிருக்கின்றன. ஆக, பையன்கள் பைத்தியக்காரர்கள் இல்லை. இன்ஜினைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

பறக்கும், சரி. எத்தனை நேரம்?

நம்ம பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க ரொம்பக் கஷ்டப்பட வேண்டியதில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். அதில் வண்டியை ஓட்டுவது ஒரு இன்ஜின், கம்ப்ரஸரை ஓட்டுவது இன்னொரு இன்ஜின். போர் போடும்போது கம்ப்ரஸர் இன்ஜின் ராத்திரி பூரா முழு லோடில் கத்திக்கொண்டே இருக்கும். லாரி ஓட்டிய இன்ஜினை அப்படியே அங்கே கொண்டுபோய் மாட்ட ரிக் முதலாளி எவராவது சம்மதிப்பாரா? விமான இன்ஜினின் வாழ்க்கை அந்தக் கம்ப்ரஸர் இன்ஜினின் வாழ்க்கை. எஸ்டீம் அவிநாசி ரோட்டில் எண்பதில் போக 15 குதிரைத்திறன் இருந்தால் போதும். மீதி சும்மா கிடக்கும். விமானம் மேலே ஏறும்போது முழுத் திறனையும் கேட்கும். மேலே போனபின்பும் முக்கால் பங்கு திறனை மணிக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதுவும், ஏறும்போது வேகம் குறைவு, ரேடியேட்டருக்குள் போகும் காற்றும் குறைவு. சூடு எப்போது மிக அதிகமோ அப்போதுதான் காற்று மிகக் குறைவு.

அடுத்தது ப்ரொப்பெல்லர். 1.6 மீட்டர் விட்டமுள்ள ப்ரொப்பெல்லரின் நுனி ஒரு சுற்றில் சுமார் 5 மீட்டர் தூரம் போகும். இன்ஜின் முழுத் திறனைக் கொடுப்பது நிமிடத்துக்கு 6000 சுற்றில், அதாவது நொடிக்கு 100 சுற்று. நேராக மாட்டினால் நுனி நொடிக்கு 500 மீட்டர் ஓடும். ஒலியே 340 மீட்டர்தான். ஒலியை நெருங்கும்போதே ப்ரொப்பெல்லர் காற்றைத் தள்ளுவதை விட்டுவிட்டுச் சத்தம் போடும் மிஷினாகிவிடும். ஆகவே, நடுவில் பல்சக்கரமோ பெல்ட்டோ வைத்து 2500 சுற்றுக்குக் கொண்டுவர வேண்டும். பீட்டன்போலின் ஃபோர்டு இன்ஜின் 2200 சுற்றிலேயே தன் 40 குதிரைத்திறனைக் கொடுத்ததால் அவருக்கு இந்தத் தலைவலி இல்லை. பீட்டில்காரர்களும் சிறிய ப்ரொப்பெல்லரை நேராக மாட்டிச் சமாளித்தார்கள். எஸ்டீமுக்கு அந்த வழி இல்லை.

நடுவில் ஒரு பெல்ட் டிரைவ் வந்ததும் உண்மையான எதிரி உள்ளே வருகிறான். பிஸ்டன் இன்ஜின் வழவழவென்று சுற்றுவதில்லை. நாலு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஷாஃப்டை உதைக்கிறது. அந்தப் பக்கம் ப்ரொப்பெல்லர் கனமாக உட்கார்ந்திருக்கிறது, உதைக்கெல்லாம் அசையாது. நடுவில் மாட்டிய ஷாஃப்டு முறுக்கிக்கொண்டும் விரித்துக்கொண்டும் கிடக்கும். சின்ன வயசில் தூரி ஆடியிருப்பீர்கள். தூரி திரும்பி வருகிற சமயம் பார்த்துச் சின்னதாகத் தள்ளினாலே போதும், உயரம் கூடிக்கொண்டே போகும். இன்ஜினின் உதையும் ஷாஃப்டின் முறுக்கமும் அப்படிச் சேர்ந்துகொள்ளும் ஒரு வேகம் உண்டு. காரில் ஃப்ளைவீலும் கிளட்சின் ஸ்பிரிங்கும் அதை விழுங்கிவிடும். பம்புக்குக் கப்ளிங்கில் ரப்பர் புஷ் வைக்கிறோமே, கிட்டத்தட்ட அதே காரணம்தான். எடை குறைக்கவேண்டும் என்று கிளட்சைத் தூக்கி எறிகிறவர்கள் இதையும் சேர்த்து எறிகிறார்கள். ரைட் சகோதரர்களையே இது விடவில்லை. கிட்டி ஹாக்கில் இன்ஜினின் உதறலில் செயின் பல்சக்கரங்களின் நட்டு கழன்றுகொண்டே இருந்தது, டயர் ஒட்டுகிற பசையை ஊற்றி இறுக்கினார்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டு உடைந்தது. புதிதாகச் செய்து வந்ததும் விரிசல் விட்டது. வேறு எஃகில் மறுபடி செய்துகொண்டு வந்துதான் டிசம்பர் 17 அன்று பறந்தார்கள். அந்த உடைசல்களை எல்லாம் அவர்கள் எழுதி வைத்தார்கள். அதனால்தான் எனக்கே இன்றைக்கு அது தெரிகிறது.

பணமும் படிப்பும் உள்ள கம்பெனி செய்தால் பிரச்சினை இல்லை என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியில் தீலெர்ட் என்ற நிறுவனம் மெர்சிடிஸ் ஏ கிளாஸ் காரின் டீசல் இன்ஜினை எடுத்து, அரசு சான்றிதழோடு விமான இன்ஜின் ஆக்கியது. அதன் கியர்பாக்ஸை 300 மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்ற வேண்டியிருந்தது. 2007 மார்ச்சில் ஷ்பையர் என்ற ஊரில் அந்த இன்ஜின் இரண்டு பூட்டிய விமானம் ஒன்று, பேட்டரி இறங்கிக் கிடந்ததால் வெளி மின்சாரத்தில் ஸ்டார்ட் செய்து கிளம்பியது. எழும்பியதும் சக்கரத்தை உள்ளே இழுத்தார்கள். அதற்கான மோட்டார் ஓடியபோது வோல்டேஜ் ஒரு கணம் இறங்கியது. இரண்டு இன்ஜினின் கம்ப்யூட்டரும் மயங்க, இரண்டு இன்ஜினும் ஒன்றாக நின்றன. பழைய விமான இன்ஜின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், பேட்டரியே தேவைப்படாத இரண்டு மேக்னெட்டோ என்று வைத்திருப்பதைப் பார்த்துப் ‘பழைய காலத்து டெக்னாலஜி’ என்று சிரிக்கும் பையன்களுக்கு இந்த ஊர்ப் பெயரை நான் இப்போதெல்லாம் எழுதிக் கொடுக்கிறேன்.

இதெல்லாம் 2018ல் எனக்குத் தெரியாது. தெரியாமல் சரி என்றேன்.

பையன்கள் கொண்டுவந்த இஎன்8 கம்பியில் ஷாஃப்டைக் கடைந்தேன். பெல்ட் புல்லி உட்காரும் இடத்தில் விட்டம் மாறும், ஒரு தோள் வரும். அந்த மூலையில் ரேடியஸ் விடவேண்டும். டிராயிங்கில் போடவில்லை, நானும் கேட்கவில்லை. புல்லி ஒட்டி உட்காரட்டும் என்று மூலையைக் கத்தி மாதிரி நறுக்கென்று எடுத்தேன். ‘ஃபினிஷிங் சூப்பர்ங்ணா’ என்று போட்டோ எடுத்தார்கள்.

இன்ஜின் ஓட ஆரம்பித்த வாரமே ஒரு நிருபர் வந்துவிட்டார். விமானம் தரையை விட்டு ஓர் அங்குலம் எழும்பவில்லை. செய்தி வந்தது, கல்லூரிக் கையேட்டில் படம் வந்தது. மூன்றாவது நாள் ஓட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். வாலைத் தென்னை மரத்தில் கட்டிப்போட்டு முடுக்கினார்கள். ஒரு குறிப்பிட்ட வேகம் வரும்போது மொத்தச் சட்டமும் உதறும், அதைத் தாண்டினால் அடங்கிவிடும்.

“அதைச் சீக்கிரம் தாண்டிட்டா ஒண்ணும் ஆகாதுங்ணா.”

தாண்டித் தாண்டித்தான் போனார்கள். பதினோராவது தடவையோ என்னவோ, பட்டென்று ஒரு சத்தம். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் துண்டோடு கழன்று நாற்பது அடி தள்ளி மாட்டுக்கொட்டகையின் சிமெண்ட் ஷீட்டைப் பிளந்துகொண்டு போனது. மோர்ப் பானையோடு அந்தப் பையனின் அம்மா அந்த இடத்தைக் கடந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர் பானையைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மாட்டை அவிழ்த்து வேறிடத்தில் கட்டினார். அந்த மௌனம்தான் எனக்கு இன்னும் கேட்கிறது.

உடைந்த முகத்தைப் பார்த்தேன். வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தால் தெரிகிற வளையம் மாதிரி, ஒரு மூலையிலிருந்து கிளம்பி வரி வரியாக உள்ளே போயிருந்தது. ஒவ்வொரு முறை ‘தாண்டியபோதும்’ விரிசல் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. கிளம்பிய இடம், நான் நறுக்கென்று எடுத்த மூலை. பேப்பரில் செய்தி வந்தபோது என் பேர் இல்லை. உடைந்தபோது மட்டும் ‘லேத்காரர் தப்பு’ என்று வந்தது. தப்புதான், மறுக்கவில்லை. உதறலை அளக்காமல் தாண்டியவர்கள், டிராயிங்கில் கையெழுத்துப் போட்டவர், ஓடாத விமானத்துக்குச் சால்வை போட்டவர்கள் என்று பங்காளிகள் நிறையப் பேர் உண்டு என்று மட்டும் சொல்கிறேன்.

அந்த உடைசலைப் பற்றி எங்கேயும் ஒரு வரி எழுதப்படவில்லை. அந்த வருடத்து ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் ‘வெற்றிகரமாக இயக்கப்பட்டது’ என்று இருப்பதாகப் பையன்களே சொன்னார்கள். இதுதான் என் வழக்கு. நாளைக்கு இன்னொரு பையன் இதே எஸ்டீம் இன்ஜினை இதே உக்கடத்தில் வாங்கி, வேறொரு பட்டறையில் இதே மூலையை நறுக்கென்று எடுக்கச் சொல்வான். அவன் அம்மா ஒரு நிமிடம் தாமதமாக மோர் கொண்டுவரலாம்.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. எதைக் கொடுத்தாலும் ‘பண்டலாம்ங்க’ என்போம். அந்தப் பெருமைக்கு ஜி.டி. நாயுடுவைச் சாட்சிக்குக் கூப்பிடுவோம். நாயுடு என்ன செய்தார்? ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அதையே வாங்கி, ஓட்டுவதற்கு முன்னால் அக்கக்காகக் கழற்றிப் பார்த்தார் என்பார்கள். பிறகு 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ் விட்டார். பஸ் என்பது இன்றைக்கு ஓடியது போதாது. நாளைக்கும் நாளன்னைக்கும் அதே நேரத்துக்கு வந்து நிற்கவேண்டிய பொருள். நாம் நாயுடுவின் மேதைமையை எடுத்துக்கொண்டோம், அவருடைய பஸ் டைமை விட்டுவிட்டோம்.

இன்னொரு பெயரும் சொல்லவேண்டும். எஸ். கரிவர்தன். 1988ல் மாருதி 800 இன்ஜினை ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியில் வைத்து ஃபார்முலா மாருதியைக் கொண்டுவந்தவர். நரேன் கார்த்திகேயன் மாதிரி ஆட்கள் கைபழகியது அதில்தான். சாதாரணக் கார் இன்ஜினை எங்கே வைக்கலாம் என்பதற்கு இந்தியாவிலேயே நல்ல உதாரணம் அது, நம் ஊர்க்காரர் செய்தது. 1995ல் அவர் ஒரு விமான விபத்தில் இறந்துபோனார். அந்த விபத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. செட்டிபாளையத்துப் பந்தய மைதானத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறோம். அங்கே போகும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும்: பந்தய வண்டியில் இன்ஜின் நின்றால் புல்லில் ஒதுங்கிக் கையைத் தூக்கலாம். வானத்தில் ஒதுங்க இடமில்லை. ஒரே இன்ஜின், ஒரே மிஸ்திரி, இடம் மாறினால் கணக்கு மாறிவிடும்.

அரசாங்கத்தையும் விடுவதாக இல்லை. மும்பையில் தன் குடியிருப்பின் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டினார் அமோல் யாதவ். அவர் தொழில்முறை விமானி. அவருக்கே பதிவு எண் கிடைக்க 2017 நவம்பர் ஆயிற்று. பறந்து பார்க்கும் அனுமதிக்கு 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொழிலே அதுவான ஆளுக்கு இந்தப் பாடு என்றால், அன்னூர்ப் பையன் எந்த அலுவலகப் படியை ஏறுவான்? படி தெரியாதவன் தோட்டத்தில்தான் ஓட்டிப் பார்ப்பான். அமெரிக்காவில் வீட்டில் கட்டிய விமானத்துக்கென்றே ஒரு வகுப்பு வைத்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் நீயே கட்டியிருக்கவேண்டும். சான்றிதழ் பெற்ற இன்ஜினும் ப்ரொப்பெல்லரும் என்றால் முதல் 25 மணி நேரமும், கார் இன்ஜின் மாதிரி சான்றிதழ் இல்லாதது என்றால் 40 மணி நேரமும் ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் பறந்து காட்டவேண்டும் என்பது அங்கே நெடுங்கால வழக்கம். கார் இன்ஜினை வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. கூடுதலாக 15 மணி நேரம் கேட்டார்கள். எனக்கு அந்தப் 15 மணி நேரத்தின் மீது பெரிய மரியாதை.

இதில் பாதி காரியத்தைச் செய்ய அரசாங்கம்கூட வேண்டியதில்லை. பம்புக்கு இந்த ஊரில் சிட்டார்க் என்று ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது. ஒரு காலத்தில் பம்பையும் ‘பண்டலாம்ங்க’ என்றுதான் பண்ணிக்கொண்டிருந்தோம். அளந்து பார்க்க ஆரம்பித்த பிறகு தரம் என்று ஒன்று வந்தது. சுற்றுவட்டாரத்தில் இத்தனை இன்ஜினியரிங் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரே ஒரு கல்லூரி, ‘விமானம் கட்டுகிறோம்’ என்ற பேச்சை மூன்று வருடம் தள்ளிவைத்துவிட்டு, ஒரு பழைய எஸ்டீம் இன்ஜினைத் தாங்கியில் ஏற்றி, ப்ரொப்பெல்லரை மாட்டி, சுற்றிலும் மண்மூட்டை அடுக்கி, முக்கால் லோடில் நூறு மணி நேரம் ஓட்டட்டும். சான்றிதழ் கேட்கும் விமான இன்ஜின் 150 மணி நேரம் ஓடிக்காட்ட வேண்டும் என்பது உலக வழக்கம்; நாம் நூறில் ஆரம்பிப்போம். எந்த வேகத்தில் உதறுகிறது, எண்ணெய் எத்தனை டிகிரி, 20 சதவீதம் எத்தனால் கலந்த இப்போதைய பங்க் பெட்ரோலில் குழாயும் டேங்கும் எத்தனை நாள் தாங்குகின்றன, டைமிங் பெல்ட் எப்போது நைகிறது, எல்லாவற்றையும் நோட்டில் எழுதட்டும். உடைந்தால் உடைந்ததைப் படம் எடுத்துச் சுவரில் மாட்டட்டும். நூறாவது மணி நேரத்தில் நிருபர் வரட்டும், நானே சால்வை வாங்கித் தருகிறேன்.

‘இப்படிப் பேசினால் ஆர்வமுள்ள பையன்கள் பயந்து ஓடிவிடுவார்கள்’ என்று ஒரு பேராசிரியர் என்னிடம் சொன்னார். நான் பார்த்தவரை ஓடுவதில்லை. போன மாதம் ஒரு பையன் வந்தான். டிப்ளமோ படிக்கிறான், அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். கையில் ஒரு டிராயிங்.

மேஜையில் பேப்பர் பறக்காமல் இருக்க நான் வைத்திருந்த இரும்புத் துண்டை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வளையத்தை எண்ணினான்.

“இதுக்கு எத்தனை ரேடியஸ் உட்டிருக்கணும்ங்ணா?”

“முதல்ல எந்த வேகத்துல உதறுதுன்னு அளந்துட்டு வா கண்ணு. அப்பறம் ரேடியஸ் பேசலாம்.”

சரிங்ணா என்று டிராயிங்கைச் சுருட்டிக்கொண்டு போனான். இன்னும் திரும்பி வரவில்லை. அளந்துகொண்டிருக்கிறான் என்றுதான் நினைக்கிறேன். வந்தால் அந்த ஷாஃப்டைக் காசு வாங்காமல் கடைந்து தருவதாக இருக்கிறேன்.